ரெட்டைக் கோடு

இருபத்து நாலு பிள்ளைகளும் திருமலைக்குமாரின் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையில் பித்தளை மணி. பிளஸ் டூ உயிரியல் செய்முறைத் தேர்வு என்றால் இப்படித்தான். ஆய்வகத்தைச் சுற்றி ஆறு மேசை, மேசைக்கு ஒரு பொருள், பொருளுக்கு முன்னால் நாலு நாலு பேர். பார்த்து, இன்னதென்று கண்டுபிடித்து, இரண்டு வரி எழுத வேண்டும், மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். மணி அடிப்பவர் வேறு பள்ளியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல். இன்றைக்கு அந்த எக்ஸ்டர்னல் இவன்தான். ஆனால் ஆள்தான் இங்கே, மனசு தென்காசி ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு வாசலில் செருப்பில்லாமல் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தது. காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி இந்தப் பள்ளிக்கூடத்து டீயை வாயில் வைக்கும்போதுதான் அத்தை சண்முகத்தாயின் போன் வந்தது. "மருமவனே, பூங்கோதைக்கு வலி எடுத்துட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வந்துட்டோம். நீங்க பதறாதிய. தலைப்பிள்ள, பொழுது சாய்ஞ்சுதான் பெறுவா. பிள்ளையளுக்குப் பரீட்சைய முடிச்சிட்டு வாங்க." பதறாதிய என்று சொன்னால் பதறாமல் இருக்க முடிகிறதா? டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் கிடக்கிறது, அதை நம்பித்தான் இந்த டியூட்டிக்குத் தலையாட்டினான். இப்போது ஓடினால் தேர்வு நின்றுபோகும், வேறு எக்ஸ்டர்னல் இன்றைக்குக் கிடைக்கமாட்டார், உதடு துடிக்கப் பாடத்தை முணுமுணுத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த இந்தப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? போனை விதிப்படி இந்தப் பள்ளியின் உயிரியல் ஆசிரியை ஜெபக்கனி டீச்சரிடம் கொடுத்தான். டீச்சர் அதைக் கண்ணாடி அலமாரியில், தொங்குகிற எலும்புக்கூட்டின் காலடியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். பூங்கோதை இருக்கிற திசையில் ஒரு எலும்புக்கூடு நிற்பது அவனுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல அவன் உயிரியல் வாத்தியார் ஆயிற்றே.

மணியை அடித்தான். பிள்ளைகள் நகர்ந்தார்கள். முதல் மேசையில் மைக்ராஸ்கோப், அதற்கடியில் வெங்காய வேரின் நுனி, சிவப்புச் சாயம் ஏற்றியது. ஃபோகஸ் கலைந்திருக்கிறதா என்று அவ்வப்போது பார்ப்பது எக்ஸ்டர்னலின் வேலை, அதனால் குனிந்தான், இடது கண்ணை மூடினான், அவ்வளவுதான், ஆள் உள்ளே விழுந்துவிட்டான். வரிசை வரிசையாக அறைகள், அறைக்கு அறை சுவர், ஒவ்வொரு அறையிலும் ஒரு காரியம் நடக்கிறது. ஒரு செல் சும்மா இருக்கிறது. பக்கத்து செல்லில் குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்கின்றன. அதற்கடுத்ததில் பாதி அந்தப் பக்கமும் பாதி இந்தப் பக்கமும் இழுபடுகின்றன, ஒன்று இரண்டாவதற்கு இவ்வளவு இழுபறி, வலிக்குமோ, செல்லுக்கு வலி ஏது, ஆனால் பூங்கோதைக்கு இப்போது வலிக்கும், உதட்டைக் கடித்துக்கொண்டிருப்பாள், இல்லை, கடிக்கிற ரகமா அவள், ஊரைக் கூட்டியிருப்பாள். குழந்தை உண்டாகியிருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் அவள் கேட்பது ஒரே கேள்விதான். "இன்னைக்கு உங்க பிள்ள எத்தனை செல்லு அத்தான்?" இவனும் வாத்தியார் தோரணையில், ஒன்று இரண்டாச்சு, இரண்டு நாலாச்சு, நாலு எட்டாச்சு, இப்போ எண்ண முடியாதும்மா என்பான். "எண்ணாம எப்படிச் சொல்லுதிய? வாத்தியாருக்குக் கணக்கு வரல்லன்னு சொல்லுங்க." முதலில் ஒரே ஒரு செல்லாக இருந்தது அது, ஊசி முனையில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, அதில் பாதி இவனுடையது பாதி அவளுடையது, இரண்டு பாதியிலும் ஒரே வீட்டுச் சரக்கு கலந்திருக்கிறது, அங்கேதான் இடிக்கிறது, அங்கேதான் எப்போது நினைத்தாலும் முள்ளில் சேலை மாட்டியதுபோல் மாட்டிக்கொள்கிறது, மாட்டினால் கிழியாமல் எடுக்கவும் தெரியவில்லை. "சார்," என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "சார், நாங்க பாக்கணும்." நிமிர்ந்தான். நாலு பிள்ளைகள் பேனாவும் கையுமாக நின்றார்கள். அந்த மைக்ராஸ்கோப்பை ஒருத்திகூடப் பார்க்கவில்லை, மற்ற மேசைப் பிள்ளைகளோ எழுதி முடித்து, மை காய்ந்து, கூரை விசிறியை எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஒரு மேசைக்கு இவ்வளவு நேரம் கொடுத்த எக்ஸ்டர்னலை அந்தப் பள்ளி கண்டதில்லை. "வெங்காயத்துக்குக் கண்ணுல தண்ணி வருதோ சார்?" என்று ஜெபக்கனி டீச்சர் சன்னமாகக் கேட்டார்.

இனி மறக்கக்கூடாது என்று மணியின் நாக்கை ஆட்காட்டி விரலால் பிடித்துக்கொண்டு சன்னலோரம் போய் நின்றான். ஃபார்மலின் வாடை. அதற்கு நடுவே பிள்ளைகளின் பவுடர் வாசம், சன்னலுக்கு வெளியே மாசி வெயிலில் மலை நீலமாகக் கிடந்தது. ஒரு வகையில் பார்த்தால் நல்ல நாள்தான். பிள்ளை பிறக்கப்போகிறது, தலைப்பிள்ளை, தன் பிள்ளை. நெஞ்சுக்குள் சந்தோஷம் கொட்டிக் கிடந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும், ஆனால் அந்தச் சந்தோஷத்தின் மேல் போய் உட்காரவிடாமல் இந்தப் பயம் ஒன்று. அப்போது அலமாரிக்குள் கிடுகிடுவென்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். எலும்புக்கூட்டின் கால்விரல்கள் ஆடின, முழங்கால் ஆடியது, பிறகு விலா எலும்பெல்லாம் ஒன்றோடொன்று தட்டிக்கொண்டு நடுங்கியது. ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்க போனுதான் சார்," என்றார் டீச்சர், "எடுத்துத் தரட்டா? ஒரு நிமிசம் வெளிய போய்ப் பேசிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்." "வேண்டாம் டீச்சர். ரூல்ஸு." ரூல்ஸாம்! சாவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, டீச்சரே கொடுக்கிறேன் என்கிறார், எதிர்முனையில் பிள்ளை பெறப்போகிறவள் கிடக்கிறாள், இவருக்கு ரூல்ஸ் வந்து தடுக்கிறது. உண்மை என்னவென்றால் எடுக்கப் பயம். எடுக்காத வரைக்கும் எல்லாம் நல்லபடியாக இருக்கிறது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகமே இருண்டுவிடும் என்று நினைக்குமாம், அந்தப் பூனைக்கு எம்.எஸ்சி. பி.எட். வேறு.

பயம் இதுதான். பூங்கோதை வேறு யாருமில்லை, சொந்த அத்தை மகள், அப்பாவின் உடன்பிறந்த தங்கச்சி பெற்றவள். அந்த அத்தையோ தன் தாய்மாமனைக் கட்டிக்கொண்டவள். அவர்களுக்கு மூத்தவன் இசக்கிமுத்து, பூங்கோதையின் அண்ணன், இவனுக்கு மச்சான், பிறவியிலேயே காது கேளாதவன். அது தெரிந்த கதையைக் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கோயில் கொடை அன்றைக்குத் தொட்டிலுக்குப் பக்கத்திலேயே மேளக்காரர்கள் வெளுத்து வாங்க, குழந்தை அசையாமல் தூங்கியதாம், என்ன பொறுமை, என்ன பொறுமை என்று பொம்பளைகள் திருஷ்டி கழித்தார்களாம். கழித்துவிட்டு உட்கார்ந்த அத்தைக்குத்தான் சுருக்கென்று பட்டிருக்கிறது. பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துவந்து தலைமாட்டில் அகப்பையால் ஓங்கி அடித்தாளாம், பிள்ளை கண்ணே திறக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தக் குழந்தை பிறந்தாலும் தாம்பாளம் அடிப்பது ஒரு வழக்கமாகிப்போனது. அடிப்பவன் யார் தெரியுமா, இசக்கிமுத்துவேதான். மற்றவர்கள் அடித்தால் சத்தத்துக்குத் தாங்களே கண்ணை மூடிக்கொள்கிறார்களாம், பிள்ளை திடுக்கிட்டதா இல்லையா என்று பார்க்க முடிவதில்லையாம், தனக்குத்தான் அந்தத் தொல்லை இல்லை என்று கையால் பேசி நியாயம் சொல்லி அந்த வேலையை வாங்கிக்கொண்டான். புரோட்டாக் கடை மாஸ்டர், வாடிக்கையாளர் விரலை நீட்டும் முன்னாலேயே என்ன வேண்டும் என்று புரிந்துகொள்வான், குடும்பத்திலேயே வாய்விட்டுச் சிரிக்கிறவன் அவன் ஒருத்தன்தான். அப்படியானால் எதற்குப் பயப்படுகிறாய் என்று கேட்டால் திருமலைக்குமார் கணக்கைத்தான் காட்டுவான். மச்சானுக்கு வந்ததென்றால் அத்தையிடமும் மாமாவிடமும் அது ஒளிந்திருக்கிறது, ஆகப் பூங்கோதையிடம் ஒளிந்திருக்க மூன்றில் இரண்டு. அத்தையின் அண்ணன்தான் அப்பா என்பதால் இவனிடம் இருக்க நாலில் ஒன்று. இரண்டு பேரிடமும் இருந்துவிட்டால் பிள்ளைக்கு வர நாலில் ஒன்று. பெருக்கினால் இருபத்து நாலில் ஒன்று. கணக்கு என்னவோ சின்னக் கணக்குதான், மற்றவன் பிள்ளைக்கு என்றால் கவலைப்படாதீங்க என்று முதுகில் தட்டிக் கொடுத்திருப்பான். இப்போது எதிரே இருபத்து நாலு பேர் நிற்கிறார்கள், மணி அடிக்கிறான், நகர்கிறார்கள், அந்த ஒன்று யார், ரெட்டைப் பின்னல் போட்டவளா, கைக்குட்டையால் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டே இருப்பவளா, ஆறாவது மேசைக்கு முன்னால் பேனாவின் பின்பக்கத்தைக் கடித்துக்கொண்டு புருவத்தைச் சுளிக்கிறாளே அவளா. கண் அவளிடம் போய்ப் போய் நின்றது, ஏனென்றால் அவள் பார்ப்பது ஆறாவது மேசைப் படத்தை, அதைத்தான் அவன் காலையிலிருந்து பார்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தான்.

ஆறாவது மேசையில் வம்சாவழிப் படம். கட்டம் போட்டால் ஆண், வட்டம் போட்டால் பெண், நடுவில் ஒற்றைக் கோடு போட்டால் கல்யாணம், ரெட்டைக் கோடு போட்டால் உறவுக்குள்ளே கல்யாணம், குறை உள்ளவர்களைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். இதை எத்தனை வருஷம் நடத்தியிருக்கிறான்! பிள்ளைகளே, சொந்தத்தில் கட்டாதீர்கள் என்று கரும்பலகையில் தட்டித் தட்டிச் சொன்ன வாத்தியார், மூன்று வருஷத்துக்கு முன்னால் அத்தை மகளைக் கட்டிக்கொண்டு வகுப்பில் லட்டு கொடுக்கப் போனால் சும்மா விடுவார்களா? கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன் எழுந்து, "சார், மரபியல் பாடத்த இனிமேலும் நீங்களே நடத்துவீங்களா, வேற சார் வருவாவளா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் திருமலைக்குமார் சும்மா ஒன்றும் கழுத்தை நீட்டவில்லை. கல்யாணப் பேச்சு எடுத்த அன்றைக்குக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அத்தை வீட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து, முழு வம்சத்தையும் வரைந்து காட்டி, வேண்டாம் என்றான். அத்தை எட்டிப் பார்த்து, "எங்க எல்லாரையும் கட்டத்துக்குள்ள அடைச்சிட்டானே" என்றாள். இசக்கிமுத்து கறுப்பாக நிரப்பிய கட்டத்தைத் தொட்டு, இது யார் என்று கையால் கேட்டான். இவன் தயங்கித் தயங்கி அவனையே காட்டினான். மச்சான் பேனாவை வாங்கினான், அந்தக் கறுப்புக் கட்டத்துக்கு இரண்டு கை வைத்தான், இரண்டு கால் வைத்தான், ஒரு கையில் புரோட்டாவையும் கொடுத்துவிட்டு, இப்போ சரி என்று பெருவிரலைக் காட்டினான். கடைசியாகப் பூங்கோதை வந்து ரெட்டைக் கோட்டில் விரலை வைத்தாள். "இது என்ன அத்தான்?" சொன்னான். "ஒத்தக் கோட்ட விட ரெட்டக் கோடு உறுதிதான?" என்றாள், சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள், இவ்வளவு படித்தவன் அதோடு காலண்டர் தாளைச் சுருட்டிவிட்டான், ஏனென்றால் படம் வரையும்போதே அவனுக்கும் அவள்மேல் கொள்ளை ஆசை. அது எந்தக் கட்டத்திலும் வரவில்லை. நேற்று சாயங்காலம் ஜெபக்கனி டீச்சர் போன் செய்து, "சார், எங்க வம்சாவழிப் படத்தக் கரையான் தின்னுட்டு, நீங்க ஒண்ணு கொண்டாருவீங்களா?" என்று கேட்டார். கட்டிலில் சாய்ந்து வறுத்த கடலை தின்றுகொண்டிருந்த பூங்கோதை, "அந்த வட்டத்தக் கொஞ்சம் பெருசாப் போடுங்க, அது நானில்லா?" என்றாள். அவள் சிரிக்கச் சிரிக்க இவன் மார்க்கரில் மை தீரும் வரை கறுப்பு அடித்தான். அடித்துச் சுருட்டினதுதான், காலையில் டீச்சரிடம் கொடுத்தான், அவர் மாட்டினார், அதற்குப் பிறகு இவன் அந்தப் படத்தை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மச்சானைப் போல ஒரு பிள்ளை பிறந்தால்தான் என்ன, நன்றாகத்தான் வளரும். பயம் அதில்லை. வகுப்பில் தட்டித் தட்டிச் சொன்னது சரி என்று ஆகிவிட்டால், சரியாகச் சொல்லிவிட்டுத் தப்பாகச் செய்தவன் என்று தன் பிள்ளை முன்னால் நிற்க வேண்டுமே, பயம் அதுதான். வாத்தியாரானதிலிருந்து முதல் தடவையாகத் தன் பாடம் பொய்த்துப்போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டான், திருமலை முருகனிடம். வேண்டும்போதே சிரிப்பு வந்தது. அவனே மாமன் மகள்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொண்டவன், அவனிடம் போய் இதை எப்படிக் கேட்பது? அலமாரியில் எலும்புக்கூடு மறுபடியும் நடுங்கியது, இவன் மணியை அடித்தான்.

சுற்று முடிந்தது. அடுத்தது வாய்மொழித் தேர்வு. திருமலைக்குமார் நாற்காலியில் உட்கார்ந்தான், மணியை மட்டும் கீழே வைக்கவில்லை. "அது என்ன சார், உங்க கூடப் பொறந்ததா?" என்று டீச்சர் கேட்டதற்குச் சிரித்தான். பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக வந்தார்கள். செல்லுக்குள் சக்தி எங்கே உண்டாகிறது, மைட்டோகாண்டிரியா, டி.என்.ஏ.வில் எத்தனை இழை, இரண்டு, இன்சுலின் எங்கே சுரக்கிறது, கணையம். ஒருத்தி பயத்தில் கணையத்தை மூளைக்குள் வைத்தாள், பிறகு தானே இறக்கி வயிற்றுக்குக் கொண்டுவந்தாள், மார்க் போட்டான். எல்லோரிடமும் செல்லைக் கேட்டான், திசுவைக் கேட்டான், மரபியல் பக்கம் மட்டும் போகவில்லை. தவளைக்குப் பயந்துகொண்டே ஆய்வகத்துக்கு வந்தவன் மாதிரி அந்தப் பாடத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தான். கடைசியாகப் பேனாவைக் கடித்த அந்தப் பிள்ளை வந்து நின்றாள். இருபத்து நாலாவது.

"பேரு?"

"முப்பிடாதி சார்."

செல் சுவரைப் பற்றிக் கேட்கத்தான் வாயைத் திறந்தான். வந்தது வேறு. "ஆறாவது மேசையில என்ன பாத்த?"

"வம்சாவழிப் படம் சார். ரெட்டக் கோடு இருந்துச்சு, அதனால உறவுக்குள்ள கல்யாணம். அப்பா அம்மாவுக்குக் குறை வெளிய தெரியல்ல, பிள்ளையளுக்கு வந்திருக்கு, அதனால ஒடுங்கு பண்பு."

"சரி. போலாம்."

அவள் போகவில்லை. "சார், ஒண்ணு சொல்லட்டா? மார்க்கக் குறைச்சிர மாட்டியளே?"

"சொல்லும்மா."

"அந்தப் படம் தப்பு சார்."

"ஏ பிள்ள!" என்று ஜெபக்கனி டீச்சர் பதறினார். "எக்ஸ்டர்னல்ட்ட என்ன பேச்சு இது?"

"இல்ல டீச்சர். நாலு பிள்ளையயும் கறுப்பா அடிச்சிருக்காவ. அப்பாட்டயும் அம்மாட்டயும் ஒளிஞ்சிருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலுல ஒண்ணுதான சார்? நாலு பேருக்குமே வரணும்னா இருநூத்தம்பத்தாறுல ஒண்ணு. நடக்கவே நடக்காதுன்னு சொல்லல்ல. ஆனா பாடத்துக்குன்னு வரையுதவிய அப்படியா வரைவாவ?" மூச்சு விட்டுக்கொண்டாள். "எங்க வீட்டுலயும் ரெட்டக் கோடுதான் சார். எங்கம்மாவக் கெட்டுனது அவிய தாய்மாமா. நாங்களும் நாலு பேரு. ஒரு தம்பிக்கு மட்டும் கண்ணு கொஞ்சம் மங்கலு. அவனும் கேரம்ல எங்க மூணு பேரயும் ஓட ஓட விரட்டுவான். ரெட்டக் கோடு போட்டா கஷ்டம் வரலாம், டாக்டரப் பாக்கணும், அதெல்லாம் சரி. அதுக்காக எல்லாத்தயும் கறுப்பாவா அடிக்கது? இத வரைஞ்சவிய ஆருன்னு தெரியல்ல சார், ஆனா நல்லாப் பயந்துபோயிருந்து வரைஞ்சிருக்காவ."

திருமலைக்குமார் எழுந்தான். ஆறாவது மேசைக்குப் போனான். காலையிலிருந்து பார்க்காததைப் பார்த்தான். ஒரு கட்டம், ஒரு வட்டம், வட்டம் கொஞ்சம் பெரிசு, நடுவில் ரெட்டைக் கோடு, அதற்குக் கீழே நாலும் நாலு கறுப்பு, மிச்சம் வைக்காமல், ஓரம் விடாமல், காகிதமே நனைந்து சுருங்கும் அளவுக்குக் கறுப்பு. அடடா, இதையா வரைந்தேன்? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகூட இப்படி வரையமாட்டானே. இருபத்து நாலில் ஒன்று என்று ஒரு பக்கம் கணக்குப் போட்டுக்கொண்டு, கையைக் கேட்டால் நாலுக்கு நாலு என்று எழுதியிருக்கிறது, கையிடம் எம்.எஸ்சி. செல்லுபடியாகவில்லை. முதலில் வெட்கம் வந்தது. பிறகு அடிவயிற்றிலிருந்து ஏதோ குமிழ் விட்டுக் கிளம்பி வந்தது, என்னவென்று தெரிவதற்குள் வாய்க்கு வந்துவிட்டது, ஆய்வகமே அதிரச் சிரித்தான். பிள்ளைகள் மிரண்டார்கள். "வரைஞ்சது நான்தாம்மா," என்றான். முப்பிடாதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "சாருக்கு இன்னைக்குப் பிள்ள பெறக்கப்போவுது," என்று ஜெபக்கனி டீச்சர் போட்டு உடைத்தார், "நான் பாட்டனி ஆளு, நம்பர் அட்டையப் பாத்து மாட்டுனேன், படத்தப் பாக்கல்ல." திருமலைக்குமார் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். அடித்த கறுப்பை இனி வெளுக்க முடியாது. முதல் கறுப்புக் கட்டத்துக்கு இரண்டு கை வைத்தான், இரண்டு கால் வைத்தான். அடுத்த வட்டத்துக்குக் கை, கால், ஒரு பின்னல். மூன்றாவதின் கையில் ஒரு கேரம் காய். நாலாவதின் கையில் புரோட்டா. வரைந்தபடியே சொன்னான், "மத்தியானப் பிள்ளையளுக்கு வேற படம் வரைஞ்சு தாரேன் டீச்சர், ஒழுங்கா." முப்பிடாதிக்கு முழு மார்க் போட்டான். வெளியே மலை அப்படியே நீலமாக நின்றது, வெயில்கூட நல்ல வெயிலாகத் தெரிந்தது, இந்த இருபத்து நாலு பேரையும் பெற்றவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் இப்படித்தான் எங்கேயோ நின்று பயந்திருப்பார்கள், அப்படிப் பயந்தும் இதோ இத்தனை பேர் பவுடர் பூசிக்கொண்டு வந்து நிற்கிறார்கள் என்று நினைக்க நினைக்க ஒவ்வொருத்தியையும் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போல இருந்தது. கும்பிட்டால் டீச்சர் வேறு மாதிரி நினைப்பார். கடைசி மணியை அடித்துக் காலைத் தேர்வை முடிக்கலாம் என்று கையைத் தூக்கினான்.

அப்போது எலும்புக்கூடு மூன்றாம் தடவையாக ஆடியது. இந்தத் தடவை டீச்சர் கேட்கவே இல்லை, பூட்டைத் திறந்து போனை எடுத்து அவன் இடது கையில் திணித்தார். வீடியோ அழைப்பு, இசக்கிமுத்து மச்சான். எடுத்ததும் திரை முழுக்க மச்சானின் பற்கள். பிறகு ஒரு விரல் மூக்குத்தி இருக்கும் இடத்தைத் தொட்டது, அவர்கள் வீட்டுப் பாஷையில் பெண். அடுத்து முஷ்டியை ஒற்றைக் கண்ணில் வைத்துக் காட்டினான், அது திருமலைக்குமாரின் பெயர், மைக்ராஸ்கோப் பார்க்கிறவன். உன்னை உரித்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். "மருமவனே, சுகப்பிரசவம், பொம்பளப் பிள்ள!" என்று அத்தையின் குரல். பின்னால் கட்டிலில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக் கிடக்கப் பூங்கோதை, "எத்தன தடவ அடிச்சாச்சு! எங்க அத்தான் போனிய? வந்து எண்ணிப் பாருங்க, எத்தனை செல்லுன்னு," என்றாள். பக்கத்தில், வெள்ளைத் துணிக்குள், சிவந்து சுருங்கிப்போய், தூங்கிக்கொண்டு, அவள். திருமலைக்குமாருக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. தோளுக்குப் பின்னால் பிள்ளைகள் எம்பி எம்பிப் பார்த்தார்கள். மச்சான் போனைக் குழந்தையின் தலைமாட்டில் அத்தை கையில் பிடிக்கக் கொடுத்துவிட்டுக் கட்டைப் பையில் கையை விட்டான், எடுத்தான், பித்தளைத் தாம்பாளம். இன்னொரு கையில் அகப்பை. சொந்தத் தங்கச்சி பிள்ளைக்கு முதல் அடி இவனுடையதுதான் என்று ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்திருக்கிறான். கண் இமைக்காமல் குழந்தையின் முகத்தைப் பார்த்தபடி அகப்பையை ஓங்கினான். திருமலைக்குமாருக்கு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. இப்போது தெரிய வேண்டாம். கேட்டால் பேசலாம், கேட்காவிட்டால் இதோ இந்தக் கைகள் கற்றுக்கொடுக்கும், இவளுக்கு இன்றைக்கு எந்தப் பரீட்சையும் கிடையாது, தூங்கட்டும். இத்தனை நேரம் பயந்து செத்தவன் அந்த நிமிஷம் கொஞ்சமும் பயப்படாமல், மச்சானுக்குத் தெரியும்படி வலது கையை உயர்த்தி, வேண்டாம், வேண்டாம் என்று வேகமாக ஆட்டினான். மணியின் நாக்கைப் பிடித்திருந்த விரல் விலகியது. கையில் மணி இருந்தது.

கணகணவென்று அது போட்ட சத்தத்தில் பழக்கதோஷமாக இருபத்து நாலு பிள்ளைகளும் ஆளுக்கொரு இடம் நகர்ந்தார்கள். திரைக்குள், போனுக்குப் பக்கத்தில், துணி மூட்டைக்குள்ளிருந்து இரண்டு குட்டிக் கைகள் விலுக்கென்று வெளியே பாய்ந்து விரிந்தன, வாய் திறந்தது, ஊரையே கூட்டும் ஒரு அழுகை, சந்தேகமே இல்லை, பூங்கோதையின் பிள்ளைதான். அத்தை அந்த வார்டிலேயே குலவை விட்டாள். ஜெபக்கனி டீச்சர் கையைத் தட்டினார், பிள்ளைகள் ஏன் என்று தெரியாமலே தட்டினார்கள், திருமலைக்குமார் மணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதான். இசக்கிமுத்து மட்டும் ஓங்கிய அகப்பை ஓங்கினபடி நின்றான். குழந்தையைப் பார்த்தான், தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான், பிறகு திரையைப் பார்த்துக் கையை விரித்துக் கேட்டான், நான் இன்னும் அடிக்கவே இல்லையே?